நாலாம் காலில் தொண்ணூறு டன்

செப்டம்பர் 3

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உன் அறிக்கையின் நகல் நேற்று மதியம் சரக்குப் படகில் வந்து சேர்ந்தது. மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, அதை மேஜைமேல் வைத்தார். பதினாலாம் பக்கத்தில் சிவப்புக் கோடு. "பாலாஸ்ட் கட்டுப்பாட்டு அறையின் பதிவுகள் நம்பத்தக்கவையாக இல்லை. பணியாளரின் கவனக்குறைவு காரணமாக இருக்கலாம்." கீழே உன் கையெழுத்து. அந்த வளைந்த கொக்கியை எந்தக் கூட்டத்திலும் நான் கண்டுபிடித்துவிடுவேன்.

"உங்க தம்பிதானே இவரு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

பத்தொன்பது வருடமாக இந்த எண்ணெய் மேடையின் பாலாஸ்டை, அதைச் சாயாமல் நிறுத்துகிற தண்ணீரைப் பார்த்துக்கொள்கிறவள் நான். இருபத்தேழாயிரம் டன் இரும்பு, நூற்றிருபது பேர், ஒரு சமையல்கூடம், ஒரு மருத்துவ அறை, எல்லாம் நடுக்கடலில் நாலு கால்களின்மேல் மிதக்கிறது. எந்தக் கால் லேசாகிறதோ அதன் தொட்டியில் தண்ணீர் விடுவேன், எது கனக்கிறதோ அதிலிருந்து இறைப்பேன். இத்தனை வருடத்தில் ஒரு கோப்பைத் தேநீர்கூட என்னால் சிந்தியதில்லை. உனக்கு அங்கே கரையில், ஆறாவது மாடியில், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு நான் கவனக்குறைவானவள் என்று தெரிந்துவிட்டதாக்கும்!

உத்தரவு வந்துவிட்டது. அக்டோபர் பத்தாம் தேதி என் முறை முடிகிறது. அன்றைக்குப் படகில் இறங்கினால் மறுபடி ஏற முடியாது. கரையில் கோப்பு அடுக்குகிற வேலையாம். நாற்பத்தாறு வயதில் கோப்பு அடுக்கவா நான் இதெல்லாம் படித்தேன்?

ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே. ஒரே ஒரு வார்த்தை.

போன் செய்யாதே. எடுக்கமாட்டேன். அலுவலகக் கணினியிலும் எழுதாதே, அதை ஊரே படிக்கும். எழுதுவதென்றால் தாளில் எழுது. செவ்வாய்க்கிழமைப் படகில் தபால்பை வரும், வெள்ளிக்கிழமை ஹெலிகாப்டரிலும் ஒன்று வரும்.

அக்கா


செப்டம்பர் 8

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

அறிக்கையில் உங்கள் பெயரை நான் எழுதவில்லை என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். நான் எழுதியது எண்களைப் பற்றி மட்டுமே. மே மாதக் கடைசியில் நாலாம் காலின் தொட்டிகளில் முந்நூற்றுப் பத்து டன் தண்ணீர் இருந்தது. ஆகஸ்ட் கடைசியில் நானூறு. இடையில் தொண்ணூறு டன் கூடியிருக்கிறது. ஆனால் உங்கள் அறைப் பதிவேட்டில் நாலாம் காலுக்குத் தண்ணீர் விட்டதாக ஒரு வரிகூட இல்லை. தண்ணீர் தானாக மாடியேறி வராது. ஒன்று, தொட்டி மீட்டர் பொய் சொல்கிறது. அல்லது வால்வு கசிகிறது. அல்லது பதிவேடு தவறு. இதில் எதுவானாலும் எழுதவேண்டியது என் கடமை.

நங்கூரச் சங்கிலிகளின் பொறுப்பு என்னுடையது. எட்டுச் சங்கிலி, காலுக்கு இரண்டு. எட்டின் இழுவிசையும் தினமும் எனக்கு வருகிறது. அதில் ஒரு குறையும் இல்லை. ஏழாம் சங்கிலி மற்ற எல்லாவற்றுக்கும் முன்மாதிரி என்று சொல்லுமளவுக்கு ஒழுங்காக இருக்கிறது. எனவே கோளாறு சங்கிலிப் பக்கம் இல்லை.

சொந்தம் வேறு, வேலை வேறு. நீங்கள் என் அக்கா என்பது இந்த அலுவலகத்தில் மூன்று பேருக்குத் தெரியும். நான் மென்மையாக எழுதியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இடமாற்ற உத்தரவு என் பரிந்துரை அல்ல. அதைக் கேட்டு நானும் வருந்தினேன்.

நீங்கள் என்னை விசாரித்ததாகவும், எனக்கு இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டதாகவும் அம்மா சொன்னார். நன்றி. இருமல் குறைந்துவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் தம்பி


செப்டம்பர் 12

டேய்,

என்ன திடீர் மரியாதை? "நீங்கள்", "தங்கள்"! படிக்கும்போது பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் மீசை உட்கார்ந்திருந்தார். அவர் எனக்கு அடுத்த ஷிஃப்ட், தெரியுமில்லையா, பதினான்கு வருடமாக நானும் அவரும் மாற்றி மாற்றி அந்த ஒரே நாற்காலியில் உட்காருகிறோம். "என்னம்மா, கோர்ட்டுல இருந்து வந்த மாதிரி இருக்கு லெட்டர்?" என்றார். "தம்பி எழுதினது" என்றேன். "அப்ப கோர்ட்டேதான்" என்றார்.

உன் இருமலை நான் விசாரிக்கவே இல்லை. உனக்கு இருமல் என்பதே இப்போதுதான் தெரியும். அம்மா என்னிடம் போனில் என்ன சொன்னாள் தெரியுமா? "தம்பி உன்னை நினைச்சு சாப்பிடவே மாட்டேங்குறான்." நான் கொஞ்சம் இளகிக்கூடப் போனேன். இப்போது புரிகிறது, அங்கே ஒன்று, இங்கே ஒன்று அளந்துவிட்டுக்கொண்டிருக்கிறாள். சரி, அதை விடு. இருமலுக்கு மருந்து சாப்பிட்டாயா இல்லையா?

இப்போது உன் மூன்று "அல்லது"க்கு வருகிறேன். தொட்டி மீட்டர் பொய் சொல்கிறதா? வியாழக்கிழமை நானே நாலாம் காலுக்குள் இறங்கினேன். நூற்றுப்பத்துப் படி. இடுப்பு இன்னும் கழன்றுபோனது போலத்தான் இருக்கிறது. ஒவ்வொரு தொட்டியிலும் அளவு நாடாவை விட்டு, சுண்ணாம்பு தடவி, ஈரம் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். மீட்டர் சொல்வது உண்மை. நானூறு டன். வால்வு கசிகிறதா? எல்லா வால்வையும் பூட்டி ஆறு மணி நேரம் காவல் இருந்தேன். ஒரு சொட்டு ஏறவில்லை, இறங்கவில்லை.

பதிவேடு தவறா? பத்தொன்பது வருடமாக எப்படி எழுதுகிறோமோ அப்படித்தான் எழுதுகிறோம். கால்வாசி டிகிரிக்குமேல் மேடை சாய்ந்து, நாம் தண்ணீர் மாற்றினால் பதிவு. அதற்குக் கீழே எவன் எழுதுவான்? ஷிஃப்ட் முடிகிறபோது கொஞ்சம் ஒருபக்கமாக இருக்கும், ஒரு டன், ஒன்றரை டன் விட்டு, ரசமட்டக் குமிழியை நட்ட நடுவில் நிறுத்திவிட்டு எழுந்திருப்போம். சாய்ந்த மேடையை அடுத்த ஆள் கையில் கொடுப்பது இங்கே கேவலம். எச்சில் தட்டைக் கழுவாமல் நீட்டுவது மாதிரி. மீசையும் அப்படித்தான், எனக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான்.

பதினோரு வருடமாகச் சங்கிலிக்குக் கணக்குப் போடுகிறாய். ஒரு நாளாவது இங்கே வந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறாயா? முன்மாதிரிச் சங்கிலியாம்!

அக்கா


செப்டம்பர் 16

அக்கா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். திட்டுகளை முதல் தடவையிலேயே வாங்கிக்கொண்டேன். மற்ற மூன்று தடவையும் ஒரே ஒரு வரிக்காக. "அதற்குக் கீழே எவன் எழுதுவான்?"

நாலாம் காலுக்கு அப்படி எழுதாமல் எத்தனை தடவை தண்ணீர் விட்டீர்கள்? நீயும் மீசைக்காரரும் சேர்ந்து? ஒரு டன், ஒன்றரை டன் என்றால், தினம் இல்லாவிட்டாலும் ஒன்றுவிட்டு ஒருநாள் என்றால், மூன்று மாதத்தில் என்ன ஆகும் என்று பெருக்கிப் பார். நான் பெருக்கிப் பார்த்தேன். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

தண்ணீரை நீங்கள்தான் விட்டீர்கள். சரி. இப்போது அடுத்த கேள்வி, இதை நான் அறிக்கை எழுதும்போதே கேட்டிருக்க வேண்டும். தொண்ணூறு டன் கூடினால் மேடை பதினைந்து சென்டிமீட்டராவது கூடுதலாக அமிழ்ந்திருக்க வேண்டும் இல்லையா? அமிழவில்லை. மே மாதம் எந்தக் கோட்டில் கடல் நின்றதோ அதே கோட்டில்தான் நிற்கிறது. அப்படியென்றால் அந்தக் காலை இதுவரை கீழே பிடித்துக்கொண்டிருந்த வேறு ஏதோ ஒன்று, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியை விட்டிருக்கிறது. அது விட விட, நீங்கள் தண்ணீரால் ஈடுகட்டியிருக்கிறீர்கள். உங்களுக்கே தெரியாமல்.

என் சங்கிலியாக இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மீட்டரெல்லாம் சரியாகக் காட்டுகிறது. ஆனாலும் பயமாக இருக்கிறது. ஒரு சங்கிலி தளர்ந்திருந்தால், புயல் பருவத்தில் அதன் பாரத்தையும் பக்கத்துச் சங்கிலியே தாங்கும். அது அறுந்தால் அடுத்தது. அதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை. பருவம் தொடங்க நாலு வாரம்தான் இருக்கிறது.

இரண்டு உதவி வேண்டும். ஒன்று, இரண்டு முழு நாள் தண்ணீரைத் தொடாதே. மேடை எப்படிச் சாய்கிறதோ அப்படியே சாயட்டும். மணிக்கு ஒருமுறை சாய்வையும் காற்றையும் எழுதி வை. அரை டிகிரிக்குமேல் போனால் மட்டும் நிறுத்து, அதுவரை ஆபத்தில்லை. இரண்டு, எழுதாமல் விட்ட திருத்தங்கள் எத்தனை நினைவிருக்கிறதோ அத்தனையும் பட்டியல் போட்டு அனுப்பு.

இரண்டாவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். பதிவேடு நம்பத்தக்கதல்ல என்று நான் எழுதினேன். அந்தப் பட்டியல் அதை நீயே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். வேண்டாமென்றால் எழுத வேண்டாம். நான் வற்புறுத்தமாட்டேன்.

இருமல் மருந்து சாப்பிடுகிறேன்.

தம்பி


செப்டம்பர் 21

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் அதைச் சுருட்டி எறிந்தேன். பிறகு குனிந்து எடுத்தேன். நீ எழுதியது சரி என்று எறியும்போதே தெரிந்துவிட்டது, அதுதான் ஆத்திரம்.

மீசையிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தாளை மடித்து மேஜைமேல் வைத்தார்.

"சாஞ்ச மேடைய என் கையில குடுப்பீங்களா?"

"குடுக்கணும். நீங்களும் எனக்கு அப்படியே திருப்பிக் குடுக்கணும்."

"பதினாலு வருசம் கழிச்சு இப்படி ஒரு நாளா!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். மேலாளரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அரை டிகிரி என்ற எல்லையைக் கேட்டபிறகு, "ரெண்டு நாள்தான், அதுக்குமேல ஒரு நிமிசம் கிடையாது" என்று சம்மதித்தார்.

முதல் நாள் காலையில் குமிழி நடுவை விட்டு நகர்ந்தது. என் கை பம்ப் பொத்தான்மேல் தானாகப் போய் உட்கார்ந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மறுபடி போனது. கடைசியில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். சிரிக்காதே, உண்மை. மதியத்துக்குள் சமையல்காரர் கரண்டியோடு வந்துவிட்டார். "ஆம்லெட் எல்லாம் ஒரு ஓரமா ஒதுங்கி நிக்குது, என்னம்மா பண்றீங்க மேல?" என்றார். பட்டறையில் போல்ட்டுகள் உருள்கின்றன என்று புகார். குளியலறையில் தண்ணீர் வடியாமல் தேங்குகிறது என்று இன்னொரு புகார். போகிறவர் வருகிறவர் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். மானமே போச்சு.

ஆனால் கேள். காற்று நாலாம் காலின் பக்கமிருந்து அடித்தபோது அந்தக் கால் ஒரேயடியாக மேலே வந்தது. சாய்வு கிட்டத்தட்ட அரை டிகிரியைத் தொட்டது, நிறுத்திவிடலாம் என்று எழுந்தேவிட்டேன். அடுத்த நாள் அதே வேகக் காற்று எதிரே இரண்டாம் கால் பக்கமிருந்து அடித்தது. அதில் பாதிகூடச் சாயவில்லை. தொட்டியில் கோளாறென்றால் காற்று வருகிற திசையைக் கேட்டுக்கொண்டா சாயும்? நாலாம் காலைக் கீழிருந்து பிடித்துக்கொள்ள ஆள் இல்லைடா. ஏழோ எட்டோ, உன் சங்கிலிகளில் ஒன்று சும்மா தொங்குகிறது.

பட்டியல் இதோடு இருக்கிறது. மீசை நாட்காட்டியில் பென்சில் புள்ளி வைக்கிற வழக்கம், என்னிடம் சட்டைப்பைக் குறிப்பேடு. இரண்டையும் வைத்து உட்கார்ந்து எடுத்தோம். அறுபத்தொரு தடவை. எண்பத்தெட்டு டன். மீதி இரண்டு டன் எங்கள் மறதியில் போயிருக்கும். நான் கையெழுத்துப் போட்டேன். மீசையிடம் நீங்கள் போட வேண்டாம், என்னோடு போகட்டும் என்றேன். "சும்மா இருங்கம்மா" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

இதைக் கொடுத்தால் என் நாற்காலி போனது போனதுதான். கொடுக்காவிட்டால் நீ சொல்வதை எவனும் நம்பமாட்டான். யோசித்துச் செய். இல்லை, யோசிக்காதே. கொடுத்துவிடு. பக்கத்து அறைகளில் நூற்றிருபது பேர் தூங்குகிறார்கள்.

எனக்கு அழுகையாக வருகிறது. இத்தனை நாள் நான் ஒழுங்கு என்று நினைத்துச் செய்தது எல்லாம் அந்தச் சங்கிலி தளர்ந்ததை மூடி மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அக்கா


செப்டம்பர் 24

அக்கா,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏழாம் சங்கிலிதான்.

எனக்குத் தினமும் வருவது அன்றைய சராசரி. ஏழுக்கு எப்போதும் நூற்றெண்பத்திரண்டு டன். மூன்று மாதமாக அதேதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பார்வையாளர்களுக்குக் காட்டுகிற படத்தில்கூட அதைத்தான் போட்டிருந்தேன், "நன்கு அமைக்கப்பட்ட சங்கிலி" என்று தலைப்பு வேறு. சராசரியை விட்டுவிட்டு நிமிடத்துக்கு நிமிடம் வருகிற மூல எண்களைத் திங்கட்கிழமை எடுத்துப் பார்த்தேன். எட்டாம் சங்கிலி அலைக்கு அலை ஏறி இறங்குகிறது. ஆறு ஏறி இறங்குகிறது. எல்லாமே ஆடுகின்றன. ஏழு மட்டும் கோடு போட்டாற்போல் நூற்றெண்பத்திரண்டு. கடலில் கிடக்கிற எந்தச் சங்கிலியாவது ஆடாமல் இருக்குமா? பதினோரு வருட அனுபவம் உள்ளவன் நான், அது ஆடாமல் இருப்பதைப் பார்த்து நல்ல பிள்ளை என்று மெச்சிக்கொண்டிருந்திருக்கிறேன்.

என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். காலின் ஓரத்தில் சங்கிலியை வளைத்துக் கீழே விடுகிற சக்கரம் இருக்கிறதே, அது துருவேறி இறுகியிருக்கும். மீட்டர் இருப்பது சக்கரத்துக்கு மேலே. சங்கிலி அங்கே மாட்டிக்கொண்டதால் மேல் துண்டு மட்டும் பழைய விறைப்போடு நிற்கிறது. கீழே நங்கூரம் இழுபட்டு, சங்கிலி தளர்ந்து, உன் காலை விட்டுவிட்டது. மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

ஆக, உன் குமிழி நடுவில் நின்றது, என் எண்ணும் அசையாமல் நின்றது. இரண்டையும் பார்த்தவர்களுக்கு எல்லாம் சுபம்.

உன் பட்டியலைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் முழுக்க அதை என் பையிலேயே வைத்திருந்தேன். அதைக் காட்டாமல், என் வரைபடத்தை மட்டும் வைத்து வாதாடிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். நீ தப்பிப்பாய். ஆனால் மீட்டர் கெட்டுப்போயிருக்கிறது, அதை மாற்றினால் போதும் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். சங்கிலி உண்மையிலேயே பிடியை விட்டதற்குச் சாட்சி அந்தத் தொண்ணூறு டன் மட்டும்தான். அதனால் இரண்டையும் சேர்த்து இயக்குநரின் மேஜையில் வைத்தேன்.

"உங்க அறிக்கைய நீங்களே தப்புன்னு சொல்றீங்களா?" என்றார்.

"ஆமா சார். பதினாலாம் பக்கம் தப்பு. நான் அவங்கள ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா மூணு வாரம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும்."

"ஏன் கேக்கல?"

"அக்காங்கிறதால சார்."

அவர் போனை எடுத்துப் படகுக்குச் சொன்னார். நீருக்கடியில் போகும் கேமராவோடு படகு திங்கட்கிழமை கிளம்புகிறது. உன் விஷயத்தில் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

மன்னித்துக்கொள் என்று எழுதி மூன்று தடவை அடித்தேன். நாலாவது தடவை அடிக்காமல் விடுகிறேன். மன்னித்துக்கொள், அக்கா. அந்த மூன்று பேர் என்ன நினைப்பார்களோ என்று பயந்து, யாரோ ஒருத்தியிடம் காட்டுகிற நியாயத்தைக்கூட உன்னிடம் காட்டவில்லை.

தம்பி


அக்டோபர் 5

என் தம்பிக்கு,

நீ ஊகித்தது அப்படியே அச்சு அசல். கேமரா இறங்கியபோது நாங்கள் பத்துப் பேர் ஒரு சின்னத் திரைக்கு முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். சக்கரம் தெரியவே இல்லை, முழுக்கச் சிப்பியும் துருவும். சங்கிலி அதில் புதைந்து கிடந்தது. அதற்குக் கீழே, அடக் கடவுளே, துணி காயப்போடுகிற கொடி மாதிரி தொய்ந்து தொங்கியது. மேலாளர் "ஐயையோ" என்று ஒரு சத்தம் போட்டார். அவர் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்து நான் கேட்டதே இல்லை.

நேற்றுச் சரிசெய்து முடித்தார்கள். முக்குளிப்பவர்கள் மூன்று நாள் சுரண்டிச் சக்கரத்தை விடுவித்தார்கள், பழுதுபார்க்கும் கப்பல் நங்கூரத்தைத் தூக்கிப் புது இடத்தில் ஊன்றியது. பிறகு எங்கள் வின்ச் எந்திரம் சங்கிலியைச் சுருட்டி இழுக்க, அது காலைக் கீழே இழுக்கும், அதே அளவுக்கு நான் தொட்டியிலிருந்து தண்ணீரை வெளியேற்ற வேண்டும். வின்ச்காரர் முந்தினாலும் தப்பு, நான் முந்தினாலும் தப்பு. வின்ச்காரர் போனில் பத்து டன், இருபது டன் என்று கத்த, நான் இறைக்க, மீசை சாய்வைப் பார்த்துச் சொல்ல, ஐந்து மணி நேரம் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. சுற்றிலும் அத்தனை தண்ணீர் இருந்தும்! கடைசியில் தொட்டியில் முந்நூற்றுப் பன்னிரண்டு டன். மே மாதம் இருந்தது முந்நூற்றுப் பத்து. இந்த முறை ஒவ்வொரு டன்னையும் எழுதினேன்.

முடிந்ததும் வின்ச்காரர் மேலே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கிரீஸ் இன்னும் போகவில்லை.

என் உத்தரவு மாறவில்லை. மேலாளரிடம் கேட்டேன். "நான் எழுதியிருக்கேன்மா, ஆனா உத்தரவு உத்தரவுதான், மேலருந்து வரணும்" என்றார். அதனால் பெட்டியை அடுக்கத் தொடங்கிவிட்டேன். பத்தொன்பது வருடச் சாமான் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டது, அதுதான் ஆச்சரியம்.

மன்னிப்பைப் பற்றி. உன் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும். நீ எழுதிய பதினாலாம் பக்கத்தை மறக்கக் கொஞ்ச நாளாகும். ஆனால் மறந்துவிடுவேன், எனக்கே தெரிகிறது.

சங்கிலி சரியாகிவிட்டது. நான் இல்லாவிட்டாலும் இவர்கள் பத்திரமாக இருப்பார்கள். அதை நினைத்தால் நிம்மதி. ஆனால் நான் இல்லாவிட்டாலும் என்று எழுதும்போது பேனாவை ஒரு தடவை கீழே வைத்துவிட்டேன், அதையும் ஏன் மறைக்க வேண்டும்?

அக்கா


அக்டோபர் 8
(ஹெலிகாப்டர் தபால், அவசரம்)

அக்கா,

பெட்டியைப் பிரி!

நேற்றுக் காலை பத்து மணிக்குக் கூட்டம். ஏழு பேர் ஒரு பக்கம், நான் ஒருவன் எதிர்ப் பக்கம். உன் பட்டியலை ஒருவர் தூக்கிக் காட்டி, "இவ்வளவு நாள் எழுதாம விட்டவங்கள எப்படிங்க அங்க வெச்சிருக்கறது?" என்றார். எனக்கு வாய் குழறும் என்று உனக்குத் தெரியுமே. நேற்று குழறவில்லை.

"யாரும் வற்புறுத்தாமலே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கிட்டவங்கள எடுத்துட்டா, அடுத்தவங்க யாராவது இனிமே எதையாவது ஒப்புக்குவாங்களா சார்?" என்றேன். "நானும் மூணு மாசம் சராசரிய மட்டும் பாத்துட்டு இருந்தேன். எடுக்கறதுன்னா ரெண்டு பேரையும் எடுங்க."

என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். நாற்பது நிமிடம். இயக்குநரே கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

நீ இருக்கிறாய். உன் நாற்காலியிலேயே. உனக்குக் கண்டிப்புக் கடிதம் ஒன்று, எனக்கு ஒன்று, மீசைக்காரருக்கு ஒன்று. இனி எவ்வளவு சின்னத் திருத்தமானாலும் பதிவு செய்ய வேண்டும், ஷிஃப்ட் மாறும்போது மேடை எந்தச் சாய்வில் இருக்கிறதோ அப்படியே ஒப்படைக்க வேண்டும் என்று புது விதி. எனக்கும் ஒரு விதி: சந்தேகம் வந்தால் எழுதுவதற்கு முன் கேள். இதை விதியாகப் போட வேண்டியிருந்ததே என்று வெட்கமாக இருக்கிறது.

பத்தாம் தேதி உன் முறை முடிந்து நீ விடுப்பில் இறங்கும்போது அந்த ஒரு முறைக்கு உட்கார வேண்டியவர் பயிற்சி முடிக்க இன்னும் ஒரு மாதமாகுமாம். அதுவரை விடுப்பு எடுக்காமல் தொடர முடியுமா என்று உன்னைக் கேட்கச் சொன்னார்கள். நான் உன்னைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டேன். விதி வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நீயே சொல், நான் திருந்துவேனா?

தம்பி


அக்டோபர் 22

தம்பி,

புயலைப் பற்றிச் செய்தியில் கேட்டிருப்பாய். பத்தொன்பதாம் தேதி காலை தொடங்கியது. பதினொரு மணிக்கே விளக்குப் போட வேண்டியதாயிற்று. ஜன்னலில் கடல் தெரிகிறது, அப்புறம் வானம் தெரிகிறது, அப்புறம் மறுபடி கடல். சமையல்கூடத்தை மூடிவிட்டார்கள், ரொட்டியும் வாழைப்பழமும்தான். மேலாளர் என் பின்னால் வந்து நின்று, "நீங்க இருக்கீங்கன்னு தைரியமா இருக்கும்மா" என்றார். எனக்குத் தைரியமாக இல்லை. ஆனால் உட்கார்ந்திருந்தேன்.

அலை பெரிதாக வந்தபோது ஏழாம் சங்கிலியின் எண்ணைப் பார்த்தேன். இருநூற்று ஐந்து. இருநூற்று நாற்பது. நூற்றெழுபது. மறுபடி இருநூற்று முப்பது. ஆடுகிறதுடா! எட்டும் கூடவே ஆடுகிறது, இரண்டும் பாரத்தைப் பங்கு போட்டுக்கொண்டு ஆடுகின்றன. ஒரு எண் இப்படி நிலையில்லாமல் குதிப்பதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

இதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மீசையை உட்காரவைத்துவிட்டு நடைபாதைப் போனுக்கு ஓடினேன். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஓட முடிந்தது. நீ "ஹலோ" என்றாய். எத்தனை மாதமாயிற்று உன் குரலைக் கேட்டு! கையில் எழுதி வைத்திருந்த எண்களை வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். நாற்பத்தேழு எண். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. இருமல் போய் ஜலதோஷம் வந்துவிட்டதா? அப்போது லைன் அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

முப்பத்தொரு மணி நேரம் அடித்துவிட்டு ஓய்ந்தது. எட்டுச் சங்கிலியும் பத்திரம். ஒருவருக்கு நெற்றியில் புடைப்பு, ஒருவருக்கு விரலில் வெட்டு, அவ்வளவுதான். ஷிஃப்ட் முடிந்தபோது குமிழி நடுவை விட்டு ஒரு நூல் தள்ளி நின்றது. அப்படியே எழுதி, அப்படியே மீசையிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

போனில் சொல்ல வந்ததைச் சொல்லாமலே எண்ணை வாசித்துத் தீர்த்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அந்த நாற்பத்தேழு எண்ணையும் வைத்துக் கணக்குப் போட்டாயா? ஏழு எப்படி இருக்கிறதாம்? உடனே எழுது.

அக்கா


அக்டோபர் 26

அக்கா,

ஜலதோஷம் இல்லை. அழுதேன். அலுவலகத்தில், எல்லோருக்கும் முன்னால், அந்த மூன்று பேரும் பார்க்க.

நாற்பத்தேழு எண்ணை வாசித்தாய் என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பேனா கையில் இருந்தது, தாளும் முன்னால் இருந்தது. ஒரு எண்ணைக்கூட நான் எழுதிக்கொள்ளவில்லை. நீ பேசிக்கொண்டிருக்கிறாய் என்பது மட்டும்தான் கேட்டது.

எண்களை மறுபடி அனுப்பு.

தம்பி